வலி விட்டதா, நரம்பு விட்டதா?

கணுக்கணுவாய்க் கரும்பை வளர்த்து, கட்டுக்கட்டாய் அதைச் சுமந்து, காலம் முழுவதும் முதுகையே முதலாக வைத்து வாழும் ஏம்பலத்து மண்ணுக்கு என் முதல் வணக்கம். இந்த அவைக்குத் தலைமை ஏற்று, பேச்சாளர்கள் நீட்டிவிடக் கூடாதே என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கண்ணெதிரே மேசைமேல் வைத்திருக்கும் கரும்பு விவசாயிகள் சங்கத் தலைவர், பெரியவர் மரியசுந்தரம் அவர்களே. எனக்குப் பின்னால் பேசுவதற்காக எனக்கு முன்னாலேயே வந்து அமர்ந்திருக்கும் முதுகுத்தண்டு மருத்துவர் அருண் சேவியர் அவர்களே. குனிந்து நட்டு, குனிந்து களை பறித்து, குனிந்து கதிர் அறுத்து, நிமிர்ந்து பார்ப்பதற்குள் நரை கண்டுவிட்ட என் தாய்மார்களே. நல்லவாட்டிலிருந்து மீன் கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கும் சகோதரிகளே. வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் தேவாலயப் பங்கு மக்களே. கைபேசியில் ஒரு கண்ணும் மேடையில் ஒரு கண்ணுமாக நிற்கும் இளைஞர்களே. அனைவருக்கும் இந்தச் செல்வகுமாரி டீச்சரின் பணிவான மாலை வணக்கம்.

தலைவர் அவர்களே, ஒன்று கவனித்தீர்களா? சங்கத்தில் ஜமக்காளம் வாங்கி விரித்திருக்கிறீர்கள். அழகான ஜமக்காளம், அகலமான ஜமக்காளம், ஆனால் ஆளில்லாத ஜமக்காளம். எல்லாரும் நாற்காலிக்குத்தான் ஓடுகிறீர்கள். ஏனம்மா, கீழே உட்காரக் கூடாதா? என்ன சொல்கிறீர்கள்? "ஒக்காந்துடுவோம் டீச்சர், எழுந்துக்க ஆள் வேணும்." சரியான பதில். இந்த ஊரில் எத்தனை முழங்கால்கள் அழுதுகொண்டிருக்கின்றன என்று கணக்கெடுக்க வேறு ஆள் வேண்டாம், இந்தக் காலி ஜமக்காளமே போதும்.

சிரித்துவிட்டோம். சிரித்தது போதும். என்னைப் பட்டிமன்றப் பேச்சாளர் என்று தெரியும் உங்களுக்கு. டாக்டர் பேசும்வரை கூட்டத்தைக் கலையாமல் பார்த்துக்கொள் என்றுதான் தலைவர் என்னை அழைத்தார். நான் வேறு எண்ணத்தோடு வந்திருக்கிறேன். நான் உங்களைப் பயமுறுத்த வந்திருக்கிறேன். பச்சையாகச் சொல்கிறேன், எனக்கே பயம். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதை நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம். வலி வந்தால் பயப்படுகிறோம். வலி போனால் பாயசம் வைக்கிறோம். அந்தப் பாயசத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வாருங்கள், வாருங்கள், கண்ணையன் அண்ணே. டிராக்டரை நிறுத்திவிட்டு இப்போதுதான் வருகிறார். ஓரமாக வழி இருக்கிறது, அவர் நடுவழியாகத்தான் வருவார். மாலை போட ஆள் வைக்கவில்லை அண்ணே, அப்படியே உட்காருங்கள். என்ன இது, தரையைத் தட்டித் தட்டி நடக்கிறீர்கள்? கிளட்ச் மிதித்த பழக்கமா? சரி, சரி, மூன்றாவது வரிசையில் இடம் இருக்கிறது.

எங்கே விட்டேன்? முதுகில் விட்டேன். முதுகெலும்பு என்பது என்ன? ஒரு கரும்பை எடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். கணுவுக்கு மேல் கணு, கணுவுக்கு மேல் கணு. அந்தக் கணுக்கள்தான் எலும்புகள். எலும்புக்கும் எலும்புக்கும் இடையே மெத்தைபோல ஒரு சவ்வு. நீங்கள் தூக்குகிற ஒவ்வொரு கட்டையும் அந்தச் சவ்வுதான் தாங்குகிறது. அதற்குப் பின்னால் ஓடுகிறது நரம்பு. கட்டைக் குனிந்தபடியே வெடுக்கென்று தூக்கினால் சவ்வு பிதுங்குகிறது. பிதுங்கிய சவ்வு நரம்பை அழுத்துகிறது. இடுப்பில் அழுத்தினால் காலில் வலி. கழுத்தில் அழுத்தினால் கையில் வலி. அழுத்துவது ஓரிடம், அழுவது வேறிடம்.

நல்லவாட்டுச் சகோதரி ஒருவர் கை தூக்குகிறார். சொல்லுங்கள் அம்மா. "கூடை தூக்கித் தூக்கி கழுத்துலேர்ந்து வெரலு வரைக்கும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது." அம்மா, எறும்பு உங்கள் விரலில் இல்லை, கழுத்தில் இருக்கிறது. டாக்டரைப் பார்க்காமல் இன்று பஸ் ஏறாதீர்கள். அங்கே ஓர் அம்மா உள்ளங்காலைத் தேய்க்கிறார். எரிச்சலா? இரவெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிகிறதா? சர்க்கரை பார்த்தீர்களா? பார்க்கவில்லை. முதுகில் ஒரு குற்றமும் இல்லாமல், சர்க்கரையே நரம்பை அரிப்பது உண்டு. இரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். முழங்கால் அம்மாக்களே, உங்களுக்கும் சொல்கிறேன். தேய்ந்த மூட்டை அசைக்காமல் வைத்தால் அது இன்னும் கெட்டியாகும். தினமும் கொஞ்சம் நடங்கள், தொடைக்கு வலு சேருங்கள், உடம்பின் எடையைக் குறையுங்கள். டாக்டர் தலையாட்டுகிறார், நான் தப்பாகச் சொல்லவில்லை.

இவற்றுக்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. இடுப்பு பிடித்துக்கொள்கிறது, திரும்ப முடியவில்லை, இருமினால் சுண்டுகிறது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். மாதக்கணக்கில் படுத்தே கிடக்காதீர்கள், மெதுவாக நடமாடுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், மருத்துவர் தரும் மாத்திரையை மட்டும் போடுங்கள். மெடிக்கலில் போய் "வலிக்கு ரெண்டு குடு" என்று கேட்டு வாங்கி விழுங்கி, சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வலி நமக்குப் பகையாளி இல்லை ஐயா. வலி நம் வீட்டுக் காவல் நாய். குரைக்கிறதே என்று கோபப்படுகிறோம். குரைப்பது நின்றதும் நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். நாய்க்கு என்ன ஆயிற்று என்று எழுந்து பார்த்தோமா?

என் வீட்டில் நாங்கள் பார்க்கவில்லை.

அதோ முன்வரிசையில், கைத்தடியை மடிமேல் வைத்து உட்கார்ந்திருக்கிறானே, அவன் என் தம்பி கலைவேந்தன். பக்கத்தில் அவன் மனைவி பிரியதர்ஷினி. இந்த ஊரில் அவனைத் தெரியாதவர் இல்லை. அவனுக்கு என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்தவரும் இல்லை. அவனிடம் கேட்டுத்தான் இதைப் பேசுகிறேன். "பேசுக்கா. ஒண்ணு வுடாம சொல்லு. வெக்கப்பட்டு வெக்கப்பட்டுத்தான் இந்த கதிக்கு வந்தேன், இனிமே இன்னா வெக்கம்" என்றான். ஆகவே சொல்கிறேன். காது கூசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பட்டத்தில் சர்க்கரை ஆலையிலிருந்து அவனுக்குக் கரும்பு வெட்டு உத்தரவு வந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உத்தரவு வந்த தேதியில் கரும்பு போகாவிட்டால் காய்ந்து எடை குறையும். ஆள் பற்றவில்லை. கட்டைத் தானே தூக்கி வண்டியில் ஏற்றினான். இடுப்பில் சுருக்கென்றது. அப்படியே உட்கார்ந்தான். பின்புறத்திலிருந்து குதிகால் வரைக்கும் வலது காலில் கரண்ட் பாய்ந்ததுபோல ஒரு வலி. ஆண்பிள்ளை, ஆறடி ஆள், தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதான். பிரியதர்ஷினி சொன்னாள், "ஆஸ்பத்திரிக்குப் போலாங்க." அவன் சொன்னான், "சுளுக்குக்கு எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போவானாடி? ஜெயாவக் கூப்புடு."

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மளிகைக் கடை ஜெயா இந்த ஊரில் காலால் பிறந்தவள். எல்லாரும் தலைமுதலாக வருவோம், அவள் கால்முதலாக வந்தாள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவி, குதிகாலால் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. வாசற்படியில் குப்புறப் படுக்க வேண்டும். மூன்று நாள் காலையில் அவள் மிதிக்க வேண்டும். கைநீட்டிக் காசு வாங்க மாட்டாள், கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லவும் மாட்டாள். எங்கள் குடும்பம் எப்படிப்பட்ட குடும்பம்? பகுத்தறிவு பேசுகிற குடும்பம். பிள்ளைகளுக்குக் கலைவேந்தன், புகழ்வேந்தன் என்று பெயர் வைத்த குடும்பம். இடுப்பு வலி வந்ததும் பகுத்தறிவும் வாசற்படியில் குப்புறப் படுத்துக்கொண்டது.

யார் அது குரல் கொடுப்பது? கண்ணையன் அண்ணனா? "டீச்சரம்மா, இன்னா வேணா பேசுங்க, மிதிக்கிறத மட்டும் கொற சொல்லாதீங்க. போன வாரம் எனக்கும் இதே மாதிரி காலு வலி. உயிரே போச்சு. இந்த ஜெயா மிதிக்க மாட்டேன்னு தொரத்தி வுட்டுது. வேற ஊர்ல ஒருத்தருகிட்ட போனேன். மிதிச்சாரு. நேத்தே வலி சுத்தமா வுட்டுடுச்சி." கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள். உங்களுக்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையைவிட்டு இறங்க மாட்டேன் அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். அங்கே நடுவழியில் யாருடைய செருப்போ ஒற்றையாகக் கிடக்கிறது. யாராவது ஓரமாகத் தள்ளிப் போடுங்கள், வருகிற தாய்மார்கள் இடறிவிடப் போகிறார்கள்.

ஜெயா மிதித்தாள். முதல் நாள் மிதித்தாள், கத்தினான். இரண்டாம் நாள் மிதித்தாள், முனகினான். மூன்றாம் நாள் மிதித்தாள், முனகவே இல்லை. மறுநாள் காலையில் என் கைபேசி அடித்தது. பிரியதர்ஷினி அழுதுகொண்டே பேசுகிறாள், ஆனந்த அழுகை. "அண்ணி, அவருக்கு வலி வுட்டுடுச்சி அண்ணி. எழுந்து நிக்கிறாரு." பின்னால் அவன் குரல் கேட்கிறது, "அக்கா, வலி வுட்டுடுச்சி." வலி வுட்டுடுச்சி, வலி வுட்டுடுச்சி என்று அந்த வீட்டில் அன்றைக்கு அதுதான் பேச்சு. பாயசம் வைத்தார்கள். ஜெயாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள். நான் பள்ளிக்கூடம் முடிந்து நேரே பஸ் பிடித்து ஏம்பலம் வந்து, அந்தப் பாயசத்தைக் குடித்தேன்.

குடித்துவிட்டு, மிச்சக் கரும்பைப் பார்க்கலாம் வா அக்கா என்றான். வரப்பில் அவன் முன்னால் போகிறான், நான் பின்னால் போகிறேன். சாயங்கால வெயில். பேசிக்கொண்டே போகிறான், ஆலையைத் திட்டிக்கொண்டே போகிறான். எனக்கு முன்னால் வரப்பின்மேல் ஒரு ரப்பர் செருப்பு கிடந்தது. நீலவார் செருப்பு. வலது கால் செருப்பு. யாரோ விட்டுப்போனது என்று தாண்டிவிட்டேன். தாண்டிய பிறகுதான் நிமிர்ந்து அவன் காலைப் பார்த்தேன். இடது காலில் நீலவார் இருக்கிறது. வலது கால் வெறுங்கால். வெட்டிய கரும்பின் அடிக்கட்டை ஈட்டிபோல நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். அதன்மேல் நடக்கிறான். பாதம் கிழிந்து இரத்தம் வருகிறது. அவன் ஆலையைத் திட்டிக்கொண்டே போகிறான்.

"தம்பி, செருப்பு" என்றேன்.

திரும்பினான். குனிந்து தன் காலைப் பார்த்தான். அப்போது அவன் முகத்தில் வந்ததே ஒரு பயம், அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. காலில் செருப்பு இல்லாதது அவனுக்குத் தெரியவில்லை. காலில் இரத்தம் வந்ததும் தெரியவில்லை. தன் கால், தன் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் கால், யாரோ ஒருவருடைய கால்போலத் தெரிகிறது அவனுக்கு. நான் மண்ணில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்தேன். கட்டைவிரலை மேலே தூக்குடா என்றேன். தூக்குறேன் அக்கா என்றான். விரல் அசையவே இல்லை.

பிறகுதான் மெல்ல வாய் திறந்தான். எதை? கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாததை. "அக்கா, நேத்திலேர்ந்து ஒண்ணுக்கு வரல. முட்டிக்கினு இருக்குது, வர மாட்டேங்குது. கால் கழுவுனா தண்ணி படுறதே தெரியல. ஒக்கார்ற எடமே மரத்துப் போச்சு." ஏன்டா சொல்லவில்லை என்று கத்தினேன். "அத எப்பிடிக்கா பொம்பளைங்ககிட்ட சொல்றது" என்றான். அந்த ஒரு வெட்கம், அய்யா. அந்த ஒரே ஒரு வெட்கம்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். நன்றி.

எப்படிப் போனோம் என்று எனக்கே நினைவில்லை. வேனில் பிரியதர்ஷினி அவன் காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே வருகிறாள். "இங்க தெரியுதா? இங்க தெரியுதா?" ஒவ்வொரு கிள்ளுக்கும் அவன் தலையை ஆட்டுகிறான், இல்லை, இல்லை என்று. மருத்துவமனையில் இதோ இந்த அருண் சேவியர் டாக்டர்தான் பார்த்தார். படம் எடுத்தார். சவ்வு மொத்தமாகப் பிதுங்கி அடிமுதுகு நரம்பையெல்லாம் நசுக்கியிருந்தது. முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் குதிரை வால் முடிபோலக் கொத்தாகத் தொங்குமாம். காலுக்குப் போகிற நரம்பு அதில்தான். சிறுநீருக்கு, மலத்துக்கு, கணவன் மனைவி உறவுக்குப் போகிற நரம்பும் அதில்தான். நான் கேட்டேன், "டாக்டர், அவனுக்கு வலிதான் விட்டுவிட்டதே?" அவர் சொன்னதை உங்களிடம் அப்படியே சொல்கிறேன். "டீச்சர், வலி வுடல. நரம்பு வுட்டுடுச்சி. வலிக்குதுன்னு சொல்றதுக்குக்கூட அதுக்குத் தெம்பு இல்ல இப்ப."

வலி விட்டதா, நரம்பு விட்டதா? நம் வாயில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்த ஒரு சொல்லில்தான் என் தம்பி ஏமாந்தான். பாயசம் வைத்த அன்று அவன் நரம்பு செத்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஏலக்காய் போட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றே அறுவை செய்தார்கள். உயிருக்குக் குறையில்லை. நடக்கிறான், பாதம் தொங்காமல் இருக்கப் பட்டை கட்டிக்கொண்டு, தடி ஊன்றி நடக்கிறான். ஆனால் சிறுநீர்ப் பைக்கு உணர்வு திரும்பவில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவனே குழாய் வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றும் அப்படித்தான், நாளையும் அப்படித்தான். நாற்பது வயதுக்காரன். ஒருநாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் டாக்டர் என்று கேட்டேன். அவர் எடுத்த படத்தை உறைக்குள் போட்டு மூடினார். மூடினாரே, அதுதான் எனக்குப் பயம்.

ஜெயாமேல் யாரும் கோபப்படாதீர்கள். தாய்மார்கள் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாளே, தலைநிமிர்ந்து உட்கார் ஜெயா. இவள் மறுநாளே மருத்துவமனைக்கு வந்தாள். கட்டில் பக்கத்தில் நின்று டாக்டரைக் கேட்டாள், "சுளுக்கு எது, இது எதுன்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்?" டாக்டர் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து யார் வந்து படுத்தாலும் முதலில் கேட்கிறாள். "கால் மரத்துப் போச்சா? கட்டவெரல தூக்கு. ஒண்ணுக்கு சரியா போவுதா?" இதில் ஒன்று சரியில்லை என்றாலும் மிதிக்க மாட்டாள், வண்டி வைத்து அனுப்புவாள். ஆண்பிள்ளைகளிடம் இப்படியா கேட்பது என்று இந்த ஊரே அவளை ஏசியது. ஏசுங்கள். கேட்கிறாளே, அது போதும்.

ஆகவே என் அருமைப் பெரியவர்களே, தாய்மார்களே, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதுகு வலியோடு சிறுநீர் வராமல் நின்றால், அல்லது தெரியாமலே கசிந்தால், ஓடுங்கள். சைக்கிள் சீட்டில் படுகிற இடம், கால் கழுவுகிற இடம் மரத்துப் போனால், ஓடுங்கள். இரண்டு காலுக்கும் வலி பரவினால், பாதம் தொங்கினால், வலியோடு காய்ச்சல் வந்தால், காரணமில்லாமல் உடம்பு இளைத்தால், விழுந்து அடிபட்ட பிறகு வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெட்டு உத்தரவு இருக்கிறது என்று சொல்லாதீர்கள். கரும்பு அடுத்த பட்டத்துக்கு மறுபடி துளிர்க்கும். நரம்பு அப்படித் துளிர்க்காது. கடுமையாக இருந்த கால்வலி திடீரென்று நின்று, அதோடு கால் உணர்வும் குறைந்தால், கும்பிட்டுக் கேட்கிறேன், பாயசம் வைக்காதீர்கள். காலைத் தொட்டுப் பாருங்கள். நடந்து பாருங்கள். செருப்பு கழன்று விழுவது தெரிகிறதா என்று…

அந்தச் செருப்பை இன்னும் யாரும் எடுக்கவில்லையா?

நடுவழியில் கிடக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். தம்பி, அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டு. கறுப்பு வார். வலது கால். யாருடையது? உங்களுடையதா பெரியவரே? இல்லை. ஜமக்காளத்துப் பக்கம் விட்டவர்கள் ஜோடியாகத்தான் விட்டிருக்கிறீர்கள். இது ஒற்றை. நான் பேச ஆரம்பித்தபோது இது இங்கே இல்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, வழி வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த வழியாக ஒரே ஒருவர்தான் வந்தார்.

கண்ணையன் அண்ணே.

சிரிக்காதீர்கள். யாரும் சிரிக்காதீர்கள். அண்ணே, குனிந்து உங்கள் காலைப் பாருங்கள். வலது காலை.

என்ன சொல்கிறார்? "எப்ப கயண்டுதுன்னே தெரியல டீச்சர்." அண்ணே, கட்டைவிரலை மேலே தூக்குங்கள். தூக்குங்கள் அண்ணே. தூக்குறேன் என்கிறார். கலைவேந்தா, நீ எழுந்து போய்ப் பார்த்துச் சொல். அசைகிறதா?

என் தம்பி என்னைப் பார்க்கிறான். அசையவில்லை என்று கையை விரித்து, டாக்டரைக் கூப்பிடுகிறான்.

டாக்டர் இறங்கிவிட்டார். நாற்காலிகளை நகர்த்துங்கள். ஜெயா எழுந்து போகிறாள், அவள் கேட்கட்டும், அவளுக்குத்தான் கேட்கத் தெரியும். அண்ணே, அவளிடம் வெட்கப்படாதீர்கள். என் தம்பி பட்ட வெட்கம் இந்த ஊருக்கே போதும். ஜெயா, என்ன சொல்கிறார்? காதில் சொன்னாரா? போனதா, போகவில்லையா? தலையாட்டிச் சொல், போதும்.

ஜெயா இல்லை என்று தலையாட்டுகிறாள். காலையிலிருந்து இல்லை என்று கை காட்டுகிறாள்.

பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன் அண்ணே. பயப்படுங்கள், நானும் பயப்படுகிறேன். ஆனால் டாக்டர் உங்கள் பக்கத்தில் நிற்கிறார். என் தம்பிக்கு இல்லாமல் போன ஒருநாள் உங்கள் கையில் இருக்கலாம். இருக்கிறதா என்று போனால்தான் தெரியும். வில்லியனூர் வேன்காரத் தம்பி, வண்டியை எடு. உன் ஆட்களை அப்புறம் கொண்டுபோய் விடலாம். ஒரு வாய் தண்ணீர்கூட இப்போது கொடுக்காதீர்கள், அறுவை இருக்கலாம் என்கிறார் டாக்டர். படுக்க வைத்துத் தூக்குங்கள், இடுப்பை வளைக்காதீர்கள். கலைவேந்தா, நீயும் ஏறு. போகிற வழியில் அவருக்கு ஆள் வேண்டும், உன்னைத் தவிர யாருக்கு அந்தப் பயம் தெரியும்?

தலைவர் அவர்களே, உங்கள் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். இனி அது எனக்காக ஓட வேண்டாம், அவருக்காக ஓடுகிறது. பேச வந்த டாக்டர் போய்விட்டார், ஆகவே கூட்டம் இத்துடன் முடிகிறது. பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், கேட்க வைத்த சங்கத்துக்கும், கேட்கக் கூசாத ஜெயாவுக்கும் என் நன்றி. வீட்டுக்குப் போய் உங்கள் ஆண்களிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள் தாய்மார்களே.

வணக்கம். கூட்டமாக நிற்காதீர்கள், விலகுங்கள். வலி விட்டது என்று கைதட்டினோமே, அதே கையால் இப்போது நாற்காலியைத் தூக்கி, வழி விடுங்கள்.